செக் இன்ஜின் லைட் வந்தா சென்சாரை மாத்துறதுக்கு முன்னாடி: பெட்ரோல்லயும் டீசல்லயும் இசியு ஃபியூயலை எப்படி அளந்து விடுதுன்னு நீங்களே பாக்கலாம்

போன மழைக்காலத்துல ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக் நம்ம ஷெட்டுக்கு வந்துச்சு, செக் இன்ஜின் லைட் எரியுது, ஸ்கேனர் போட்டா கோட் பி0171, அதாவது கலவை லீன், காத்துக்கு ஏத்த பெட்ரோல் பத்தல. ஓனர் ஏற்கனவே வேற ஒரு இடத்துல ஆக்சிஜன் சென்சார் புதுசா மாத்திட்டுதான் வந்திருக்காரு, பத்து நாள்ல லைட் திரும்ப வந்துடுச்சு. "அண்ணே, சென்சாரே புதுசு, அப்புறம் எப்படிண்ணே லீன்னு சொல்லும்?"னு கேக்குறாரு. பழைய சென்சாரும் உண்மையைத்தான் சொல்லிச்சு, புது சென்சாரும் அதே உண்மையைத்தான் சொல்லுது, பெட்ரோல் நிஜமாவே பத்தல, அவ்வளவுதான். சேதி கொண்டு வந்தவனை மாத்திட்டு சேதியை அப்படியே விட்டுட்டாங்க.

இந்த ஒரு தப்பு எவ்வளவு பேரோட காசை வீணாக்குதுன்னு தினமும் பாக்குறேன், அதனாலதான் உக்காந்து எழுதுறேன். உள்ள இருக்கற கம்ப்யூட்டர், இசியுன்னு சொல்றோமே அது, எவ்வளவு கேட்டுச்சு, நிஜத்துல எவ்வளவு கிடைச்சுது, இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா முக்கால்வாசி கோளாறு எங்க இருக்குன்னு தெரிஞ்சிடும். பெட்ரோல்ல அது ஃபியூயல் ட்ரிம்னு வரும், டீசல்ல ரெயில் பிரஷர்னு வரும்.

வேண்டியது ஒரு ப்ளூடூத் ஓபிடி டாங்கிள், அதாவது இசியு டேட்டாவை போனுக்கு அனுப்பற சின்ன பிளக், அப்புறம் போன்ல ஒரு ஆப். ஸ்டீயரிங்குக்கு கீழ டேஷ்போர்டு அடியில 16 பின் சாக்கெட் இருக்கும், அதுல சொருகணும். பெட்ரோலுக்கு இதுவே தாராளம். டீசல்ல இன்ஜெக்டர் கரெக்ஷன் மாதிரி கம்பெனி சம்பந்தப்பட்ட டேட்டா வேணும்னா கொஞ்சம் நல்ல ஸ்கேனர் வேணும், அது இருக்கற ஷெட்ல அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கலாம்.

பெட்ரோல்: முதல்ல காத்து, அப்புறம்தான் பெட்ரோல்

நிறைய பேர் நினைக்கறது ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா பெட்ரோல் போகுதுன்னு, அப்படி இல்ல. மிதிச்சா த்ராட்டில் திறந்து காத்து உள்ள போகுது. அந்தக் காத்து எவ்வளவுன்னு இசியு அளந்து அதுக்குத் தகுந்த பெட்ரோலை இன்ஜெக்டர் வழியா விடுது. 1 கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும், எக்ஸாஸ்ட் புகையை சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஒழுங்கா வேலை செய்யறதுக்கும் இந்தக் கணக்கு கிட்டத்தட்ட பிசகாம இருக்கணும்.

காத்தை அளக்க ரெண்டு வழி இருக்கு. ஏர் ஃபில்டர் தாண்டினதும் ஒரு மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் வச்சு நேரடியா கிராம் கணக்குல அளக்கறது ஒண்ணு, மேனிஃபோல்டுக்குள்ள, அதாவது சிலிண்டருக்கு காத்து போற குழாய்க்குள்ள, மேப் சென்சார் வச்சு பிரஷரை மட்டும் பாத்துட்டு ஆர்பிஎம், காத்தோட சூடு ரெண்டையும் சேத்து கணக்கு போட்டுக்கறது இன்னொண்ணு. நம்ம ஊர்ல ஓடற சின்ன வண்டிங்கள்ல ரொம்ப ரெண்டாவதுதான். உங்க வண்டி எதுன்னு இப்பவே தெரிஞ்சு வச்சுக்கோங்க, பின்னாடி இது பெரிய வித்தியாசம் பண்ணும்.

ஒரு கணக்கு சொல்றேன், தோராயம்தான், ஆனா போட்டு பாத்தா விஷயம் புரியும். 1200 சிசி நாலு சிலிண்டர்னா ஒரு சிலிண்டர் 300 சிசி. ஐட்லிங்ல மேனிஃபோல்டுக்குள்ள 35 கிலோபாஸ்கல்தான் இருக்கும், வெளிக்காத்தோட மூணுல ஒரு பங்கு, அதனால ஒரு தடவை இழுக்கும்போது கிட்டத்தட்ட 0.1 கிராம் காத்துதான் உள்ள போகும். அதை 14.7ஆல வகுத்தா 6, 7 மில்லிகிராம் பெட்ரோல் வரும், இன்ஜெக்டர் ஒரு 2, 3 மில்லிசெகண்ட் திறந்து மூடினா முடிஞ்சுது. 750 ஆர்பிஎம்ல நாலு சிலிண்டருக்கும் சேத்து நிமிஷத்துக்கு 1500 தடவை இப்படி நடக்கும், மணிக்கணக்குல பாத்தா முக்கால் லிட்டர் சுமாருக்கு வரும், சிக்னல்ல நிக்கும்போது வண்டி குடிக்கற அளவும் அதுதானே. பேட்டரி வோல்டேஜ் கம்மியானா இன்ஜெக்டர் திறக்கவே லேட்டாகும், அதையும் கவனிச்சு இசியு கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுக்கும்.

இவ்வளவும் கணக்குதான். கணக்கு சரியா வந்துச்சான்னு சொல்றது சைலன்சர் பக்கம் இருக்கற ஆக்சிஜன் சென்சார். சாதாரண வகை 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவுல ஆடிட்டே இருக்கும், கீழ போனா லீன், மேல போனா ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். லீன்னு வந்தா இசியு கொஞ்சம் கூட்டும், ரிச்னு வந்தா குறைக்கும், இந்த கூட்டல் குறைத்தல்தான் ட்ரிம். அந்தந்த நொடிக்கு நடக்கறது ஷார்ட் டெர்ம் ட்ரிம், ரொம்ப நாளா ஒரே பக்கமா கூட்டிட்டே இருந்தா அதை மனசுல வச்சுக்கும், அது லாங் டெர்ம் ட்ரிம். சென்சார் 300 டிகிரிக்கு மேல சூடானாத்தான் வேலை செய்யும், அதுவரைக்கும் ஓபன் லூப், அதாவது இசியு யாரையும் கேக்காம தன் கணக்கை மட்டும் நம்பி ஓட்டும். சூடான பிறகு க்ளோஸ்டு லூப். ஆப்ல ஃபியூயல் சிஸ்டம் ஸ்டேட்டஸ்னு ஒரு வரி வரும் பாருங்க.

பாக்குற முறை

ராத்திரி முழுக்க நின்ன வண்டில காலையில முதல் வேலையா சாவியை ஆன் மட்டும் பண்ணுங்க, ஸ்டார்ட் வேண்டாம். கூலன்ட் டெம்பரேச்சர், உள்ள வர காத்தோட டெம்பரேச்சர், ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும், ரெண்டு மூணு டிகிரி முன்ன பின்ன பரவால்ல. ஒண்ணு 28, இன்னொண்ணு 5ன்னு காட்டினா அந்த 5 காட்டற சென்சார்தான் கோளாறு, கடும் குளிர்னு நினைச்சு இசியு பெட்ரோலை அள்ளி ஊத்திட்டிருக்கும், பழைய கார்பரேட்டர்ல சோக்கை இழுத்து விட்டு மறந்த மாதிரி. அதே நேரத்துல மேப் எவ்வளவுன்னும் பாருங்க, சென்னை மாதிரி கடல் மட்டத்துல 100 கிலோபாஸ்கல், ஊட்டியில 78 சுமாருக்கு காட்டணும். இந்த ஒரு நிமிஷ டெஸ்ட் இலவசம், யாருமே பண்றதில்ல, எனக்கு அது ரொம்ப ஆதங்கம்.

அப்புறம் ஸ்டார்ட் பண்ணி நல்லா சூடாக விடுங்க, கூலன்ட் 85, 90 டிகிரிக்கு வந்து நிக்கணும். பைபாஸ்ல ஓடும்போது 65லயே நிக்குதுன்னா தெர்மோஸ்டாட் திறந்தே மாட்டிக்கிட்டிருக்கு, மைலேஜ் குறையும், லைட் வராமலே கூட குறையும்.

இப்ப ட்ரிம். ஷார்ட்டையும் லாங்கையும் கூட்டி பாக்கணும், தனித்தனியா பாத்து பயப்படக்கூடாது. கூட்டினது பிளஸ் மைனஸ் 10க்குள்ள இருந்தா வண்டி நல்லாருக்கு. பிளஸ்னா பெட்ரோல் பத்தாம இசியு கூட்டிட்டிருக்கு, மைனஸ்னா அதிகமா போய் குறைச்சிட்டிருக்கு. 25 கிட்ட போனாத்தான் பெரும்பாலும் லைட் வரும், அதுக்கு முன்னாடி எவ்வளவோ நாள் அது சத்தமில்லாம சமாளிச்சிட்டிருக்கும். ஐட்லிங்ல ஒரு தடவை, நின்னபடியே 2500 ஆர்பிஎம்ல ஒரு தடவை, ரோட்ல நாலாவது கியர்ல மேடு ஏறும்போது ஒரு தடவை, இந்த மூணு இடத்துல எழுதிக்கோங்க. ஓட்டும்போது போனை பக்கத்துல இருக்கறவர்கிட்ட கொடுத்துடுங்க.

ஐட்லிங்ல பிளஸ் 20, ரேஸ் பண்ணா பிளஸ் 5ன்னு இறங்குதா, அப்ப எங்கயோ அளக்காத காத்து திருட்டுத்தனமா உள்ள போகுது, வேக்யூம் ஹோஸ், இன்டேக் கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் ஹோஸ் இதெல்லாம் பாருங்க, ஐட்லிங்ல உள்ள போறதே கொஞ்சம் காத்துங்கறதால சின்ன ஓட்டையும் பெருசா தெரியும். ஆனா இது மாஸ் ஏர்ஃப்ளோ வச்ச வண்டிக்குத்தான் பொருந்தும். மேப் வண்டில ஓட்டை வழியா வந்த காத்தும் மேனிஃபோல்டு பிரஷர்ல சேர்ந்துடும், இசியு அதுக்கும் பெட்ரோல் போட்டுடும், ட்ரிம்ல பெருசா ஒண்ணும் தெரியாது, ஐட்லிங் மட்டும் தூக்கி நிக்கும் இல்லன்னா மேலும் கீழும் ஆடும். யூடியூப்ல வெளிநாட்டு வண்டிய வச்சு சொல்றதை அப்படியே நம்ம மேப் வண்டில தேடி குழம்பறவங்க நிறைய.

ஐட்லிங்ல நல்லாருக்கு, லோடு ஏற ஏற பிளஸ் ஏறுதுன்னா பெட்ரோல் வர வழியில தடை இருக்கு, பம்ப், ஃபில்டர், பிரஷர் ரெகுலேட்டர். நான் முதல்ல சொன்ன வண்டி இதுதான். ஐட்லிங்ல பிளஸ் 4, 80ல போகும்போது பிளஸ் 22. டேங்க்கை கழட்டி பாத்தா பம்ப்போட அடியில இருக்கற வலை சேறு மாதிரி அடைச்சிருந்துச்சு. அஞ்சாறு கிலோமீட்டர் ஓட்டினதுலயே அது தெரிஞ்சிருக்கும், சென்சார் காசு மிச்சம்.

எல்லா இடத்துலயும் மைனஸ்னா இன்ஜெக்டர் ஒழுகுது, இல்ல பெட்ரோல் பிரஷர் அதிகம், இல்ல டேங்க் ஆவியை இழுக்கற பர்ஜ் வால்வு மூடாம நிக்குது. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னாடி எக்ஸாஸ்ட்ல ஓட்டை இருந்தா வெளிக்காத்து உள்ள இழுத்து, நிஜத்துல சரியா இருக்கற கலவையையே லீன்னு காட்டும், இதையும் மறக்காதீங்க, காலையில குளிர்ந்த இன்ஜின்ல டிக் டிக்னு சத்தம் வருதான்னு காது கொடுத்து கேளுங்க.

இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதைப் பத்தி தனியா சொல்லணும். எத்தனால் 1 கிலோவுக்கு 9 கிலோ காத்து போதும், அதனால 20 சதவீதம் கலந்த பெட்ரோல்ல 14.7 இருந்தது 13.5 சுமாருக்கு இறங்கிடும், அதே காத்துக்கு கூடுதலா பெட்ரோல் ஊத்தியாகணும். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு கணக்கு எழுதின பழைய வண்டில இது மட்டுமே 7, 8 சதவீதம் பிளஸ் ட்ரிம் காட்டும், இ10க்கு எழுதினதுல 4 வரும். இது கோளாறு இல்ல, இதுக்காக எதையும் மாத்தாதீங்க. ஆனா ஏற்கனவே பம்ப் வீக்கா இருந்து பிளஸ் 15ல ஓடிட்டிருந்த வண்டியை இந்த 8 தள்ளி லைட்டை எரிய வச்சிடும், அப்ப திட்ட வேண்டியது பம்ப்பை.

இன்னொண்ணு, மலை இறங்கும்போது மைலேஜ் கிடைக்கும்னு நியூட்ரல்ல விடறவங்க இருக்காங்க. கியர்லயே வச்சு ஆக்ஸிலரேட்டர்லருந்து காலை எடுத்தா இசியு இன்ஜெக்டரை சுத்தமா மூடிடும், சக்கரம்தான் இன்ஜினை சுத்தும், ஒரு சொட்டு போகாது. நியூட்ரல்ல விட்டா இன்ஜின் அணையாம இருக்க ஐட்லிங் பெட்ரோல் போயிட்டே இருக்கும், இன்ஜின் பிரேக்கும் இல்ல. கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு, அங்க தயவுசெஞ்சு நியூட்ரல் போடாதீங்க.

டீசல்: இங்க கணக்கே தலைகீழ்

டீசல்ல காத்தை நெருக்கி பவரை கட்டுப்படுத்தறதில்ல, இழுக்கற வரைக்கும் காத்து போகட்டும்னு விட்டுட்டு டீசலோட அளவை வச்சுத்தான் பவர். அதனால எப்பவுமே காத்து மிச்சம்தான், ஐட்லிங்ல 1க்கு 50, அதுக்கு மேலயும் போகும், முழு லோடுல கூட 18க்கு கீழ விடமாட்டாங்க, விட்டா கறுப்பு புகை. பழைய லாரி பம்ப்ல ஆக்ஸிலரேட்டர் கம்பி நேரா பம்ப்போட கவர்னர்ல மாட்டியிருக்கும். இப்ப பெடல் ஒரு விண்ணப்பம் மாதிரிதான், "இவ்வளவு இழுவை வேணும்"னு நீங்க கேக்கறீங்க, இசியு காத்து எவ்வளவு இருக்கு, புகை வருமா, இன்ஜின் சூடு எவ்வளவுன்னு பாத்துட்டு எத்தனை மில்லிகிராம் கொடுக்கலாம்னு முடிவு பண்ணும்.

கார்ல முதல்முதலா காமன் ரெயில் வந்தது 1997ல, ஆல்ஃபா ரோமியோ 156ல. நம்ம ஊர்ல எந்த கம்பெனி வண்டியா இருந்தாலும் சிஆர்டிஐன்னுதான் பேர் ஒட்டிக்கிச்சு. பம்ப் டீசலை அழுத்தி ஒரு கெட்டியான குழாய்ல, அதுதான் ரெயில், சேத்து வைக்கும், ஐட்லிங்ல 250, 300 பார், முழு லோடுல 1600, புது வண்டிங்கள்ல 2000க்கு மேல. கார் டயர்ல இருக்கறது 2 பார் சொச்சம்னு நினைச்சு பாருங்க. அங்கிருந்து இன்ஜெக்டர் ஒரு சுத்துக்கே பல தடவை திறக்கும், முதல்ல 1, 2 மில்லிகிராம் பைலட், அதுதான் பழைய டீசலோட டகடக சத்தத்தை அடக்கினது, அப்புறம் மெயின். டிபிஎஃப், அதாவது புகையில வர கரியை பிடிச்சு வைக்கற ஃபில்டர், இருக்கற வண்டில அந்தக் கரியை எரிக்க கடைசியா ஒரு போஸ்ட் இன்ஜெக்ஷன், அதுல கொஞ்சம் டீசல் சிலிண்டர் சுவர் வழியா ஆயில்ல இறங்கும், அதனாலதான் சின்னச் சின்ன டவுன் ஓட்டத்துல ஆயில் லெவல் குறையாம ஏறுது.

இங்க நான் கையெடுத்து கேட்டுக்கற விஷயம் ஒண்ணு. பழைய பம்ப் வண்டில மிஸ்ஸிங் வந்தா ஓடும்போதே ஒவ்வொரு நாசில் பைப் நட்டையும் லூஸ் பண்ணி எந்த சிலிண்டர் வேலை செய்யலன்னு கண்டுபிடிப்போம், நானும் அப்படித்தான் கத்துக்கிட்டேன். சிஆர்டிஐல அதை ஒருநாளும் பண்ணாதீங்க. அந்த பிரஷர்ல முடி அளவு பீச்சினா தோலைத் துளைச்சு உள்ள போயிடும், வெளிய ஊசி குத்தின மாதிரி புள்ளிதான் தெரியும், வலி கூட முதல்ல பெருசா இருக்காது, உள்ள சதை அழுக ஆரம்பிச்சிடும். அப்படி பட்டா டீசல் உள்ள ஏறிடுச்சுன்னு சொல்லி உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு போகணும், மருந்து தடவிட்டு நாளைக்கு பாக்கலாம்னு விடக்கூடாது. லீக் இருக்கான்னு கையால தடவி பாக்கவும் கூடாது, அட்டை பிடிச்சு பாருங்க. இன்ஜின் அணைச்சு பத்து நிமிஷமாவது விட்டு, ஸ்கேனர்ல ரெயில் பிரஷர் 0க்கு வந்துச்சான்னு பாத்துட்டு அப்புறம் ஸ்பானரை எடுங்க. ஓடும்போது இன்ஜெக்டர் ஒயர்லயும் கை வைக்காதீங்க, அதுல 12 வோல்ட் இல்ல, திறக்கற நேரத்துல அதை விட பல மடங்கு வரும்.

சரி, ஸ்டார்ட்டிங் ட்ரபுள். செல்ஃப் அடிக்கும்போது ரெயில் பிரஷர் எவ்வளவு ஏறுதுன்னு பாருங்க. வண்டிக்கு வண்டி மாறும், ஆனா 150லருந்து 250 பார் வரைக்கும் ஏதோ ஒரு எல்லையை தாண்டலன்னா இசியு இன்ஜெக்டரை திறக்கவே திறக்காது, நீங்க பேட்டரி தீர்ற வரைக்கும் அடிச்சாலும் சரி. பிரஷர் ஏறியும் ஸ்டார்ட் ஆகலன்னா க்ராங்க் சென்சார், ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன்னு வேற பக்கம் போகணும். ஏறலன்னா முதல்ல மலிவான பக்கத்துலருந்து ஆரம்பிங்க: டீசல் ஃபில்டர், அதுல தண்ணி, லைன்ல ஏர் இழுக்குதா. ஃபில்டருக்கு அப்புறம் கொஞ்ச நீளம் கண்ணாடி மாதிரி தெரியற ஹோஸ் போட்டு பாத்தா நுரை வருதான்னு கண்ணுக்கே தெரியும். டீசல் தீர்ந்து நின்ன வண்டில பிரைமரை கையால அடிச்சு ஏர் எடுத்துட்டுத்தான் செல்ஃப் அடிக்கணும், ஏன்னா அந்த பம்ப்புக்கு லூப்ரிகேஷனே டீசல்தான், வறண்டு சுத்தினா இரும்புத் தூள் கிளம்பி இன்ஜெக்டர் வரைக்கும் போயிடும்.

அடுத்து லீக்-ஆஃப் டெஸ்ட். இன்ஜெக்டர் திறக்கறதுக்காக ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசல் ரிட்டர்ன் லைன்ல திரும்பி போகும், இது லோ பிரஷர் பக்கம், சின்ன ரப்பர் ஹோஸ், கழட்டலாம். நாலு இன்ஜெக்டருக்கும் நாலு ஹோஸ் மாட்டி நாலு ஒரே மாதிரி பாட்டில்ல விட்டு ரெண்டு மூணு நிமிஷம் ஐட்லிங்ல ஓட விடுங்க. நாலும் கிட்டத்தட்ட சமமா நிரம்பணும். ஒண்ணு மட்டும் ரெண்டு மடங்கு மூணு மடங்கு நிரம்புதுன்னா பம்ப் கொடுக்கற பிரஷரை அந்த இன்ஜெக்டர் ரிட்டர்ன்ல ஒழுக விடுது. காலையில ஸ்டார்ட் ஆகும், சூடானா ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும்னு வர வண்டி நிறைய இதுதான், சூட்டுல டீசல் மெலிஞ்சு ஒழுகல் கூடும். பம்ப் போச்சுன்னு பெரிய எஸ்டிமேட் கொடுத்தா இந்த டெஸ்ட் பண்ணீங்களான்னு கேளுங்க, பாட்டிலை கண்ணால காட்டச் சொல்லுங்க, அதை கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு.

பிக்கப் இல்லன்னா ரோட்டுக்கு போகணும். ட்ராஃபிக் இல்லாத இடமா பாத்து மூணாவது கியர்ல 1500 ஆர்பிஎம்லருந்து முழுசா மிதிச்சு, கேட்ட ரெயில் பிரஷர், கிடைச்ச ரெயில் பிரஷர், ரெண்டையும் கிராஃபா ரெக்கார்ட் பண்ணுங்க. கேட்டது 1400, கிடைச்சது 900ல நின்னு பி0087 வருதுன்னா ஃபில்டர், பம்ப்புக்குள்ள டீசலை அளந்து விடற மீட்டரிங் வால்வு, ஒழுகற இன்ஜெக்டர், கடைசியா பம்ப், இந்த வரிசையில பாருங்க. ரெண்டு கோடும் ஒட்டி ஒட்டியே ஏறுது ஆனா வண்டி இழுக்கலன்னா டீசல் பக்கம் தப்பில்ல, டர்போ ஹோஸ் கிழிஞ்சிருக்கும், எக்ஸாஸ்ட் புகையை கொஞ்சம் திருப்பி உள்ள விடற இஜிஆர் வால்வு திறந்தே நிக்கும், காத்து பத்தாததால இசியுவே டீசலை குறைச்சு கொடுத்துட்டிருக்கும். டர்போ ஹோஸ் கிழிசலுக்கு நாலு இன்ஜெக்டரையும் கழட்டி டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்பின வண்டிய நான் பாத்திருக்கேன்.

ஐட்லிங்ல ஆட்டம்னா இன்ஜெக்டர் கரெக்ஷன் டேட்டா பாருங்க. ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் க்ராங்க் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு அளந்து, பின்தங்கற சிலிண்டருக்கு கொஞ்சம் கூட்டியும் முந்தற சிலிண்டருக்கு குறைச்சும் இசியு சமன் பண்ணும். ஒண்ணுக்கு மட்டும் பிளஸ் 3 மில்லிகிராம்னு நின்னா அந்த சிலிண்டர்ல விஷயம் இருக்கு, ஆனா அது இன்ஜெக்டரா கம்ப்ரஷனான்னு இந்த நம்பர் சொல்லாது, கம்ப்ரஷன் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

புது இன்ஜெக்டர் போட்டா அது தலையில பொறிச்சிருக்கற கோட் நம்பரை ஸ்கேனர்ல ஏத்தச் சொல்லுங்க, ஒவ்வொண்ணும் ஃபேக்டரியில அளந்தப்ப எவ்வளவு முன்ன பின்ன விட்டுச்சுங்கறதுதான் அந்த கோட், ஏத்தலன்னா புதுசு போட்டும் டகடக சத்தமும் புகையும் இருக்கும். ஹை பிரஷர் பைப்பை கழட்டினா பெரும்பாலான கம்பெனி புதுசு போடச் சொல்லுது, நட்டை டார்க் ரென்ச்ல முறுக்கணும். கழட்டின வாயெல்லாம் உடனே கேப் போட்டு மூடணும், ஒரு துளி மண்ணு போதும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, அட்டை பிடிச்சு ஒவ்வொரு ஜாயின்டா பாத்துட்டு, 20 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து அதே மூணாவது கியர் கிராஃபை திரும்ப எடுத்து பழசோட பக்கத்துல வச்சு பாருங்க.